1918ஆம் ஆண்டு நச்சுச் சுரமும் சூல்மகளிரும்

சேலம், நாமக்கல் சமவெளியின் நோய் வரலாற்றை ஆய்வார் முதற்கண் ஒன்றை நினைதல் வேண்டும். 1910 முதல் 1929 வரை நாமக்கல் வட்டம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஆதலின் 1918ஆம் ஆண்டு இன்புளுயன்சாச் சுரத்தால் அவ்வட்டத்தில் மாண்டோர் கணக்கைச் சேலம் ஏடுகளில் தேடுதல் பயன் தாராது.

இறப்பேடு ஒன்றே அமையுமோ எனின், அமையாது. 1918 சூன் திங்களில் பம்பாயை அடைந்து நாடெங்கும் பரவிய இந்நோய், 20 முதல் 40 அகவையினரையே மிகுதியாகக் கொன்றது. சூல்கொண்ட மகளிர்க்குப் பெருங்கேடாயிற்று. தாயுடன் மாய்ந்த கருவை எவ்வேடும் எண்ணவில்லை. 1919இல் இந்தியாவிற் பிறப்பு வீதம் தாழ்ந்தமை இல்லங்கள் உற்ற இழப்பை ஓரளவு உணர்த்தும்.

எனவே பிறப்பேட்டையும் இறப்பேட்டையும் ஒருங்கு வைத்து நோக்குதலே முறையாகும். இன்புளுயன்சாத் தடுப்பூசியிற் கருவுற்ற மகளிர்க்கு முதலிடம் தருமாறு உலக நலவாழ்வு நிறுவனம் 2012இல் பரிந்துரைத்ததன் அருமை அப்போது நன்கு புலனாகும்.