கலவையும் சேர்மமும்: சிவகாசி வட்டாரத்தை முன்னிறுத்திய ஒரு சொல் வரலாறு

முன்னுரை

பொருளின் இயல்பைக் கற்பிக்கும் வேதியியலின் முதற்பாடத்தில் மாணாக்கர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சொற்கள் சிலவே. பொருள், பண்பு, தனிமம், கலவை, சேர்மம் என்னும் அவற்றுள் இறுதியிற் கூறிய இரண்டும் ஒன்றோடொன்று மயங்கத் தக்கன. பல பொருள்கள் தத்தம் பண்பு கெடாது கூடிநிற்பது கலவை. அவை தம் பண்பு இழந்து, வரையறுத்த விகிதத்திற் கூடிப் புதுப்பொருளாய் அமைவது சேர்மம். இவ்வேறுபாடு வகுப்பறையில் மதிப்பெண்ணைப் பற்றியது. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரத்திலோ உயிரைப் பற்றியது. இக்கருத்துத் தமிழில் சொல் பெற்ற வரலாற்றையும், அச்சொற்கள் தொழிற்கூடத்து வழக்கோடு கொண்ட உறவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய வழக்கு

உலகம் ஐம்பூதங்களின் மயக்கம் என்பது தொல்காப்பிய மரபியல் கூறும் கருத்து. மயக்கம் என்னும் இச்சொல்லே எழுத்திலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என வருகின்றது. மெய்ம்மயக்கத்தில் எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பினும் தத்தம் ஒலியை இழப்பதில்லை. 'பொன்' என்பதும் 'குடம்' என்பதும் புணர்ந்து 'பொற்குடம்' ஆகுமிடத்திலோ னகரம் றகரமாய்த் திரிகின்றது. கூடியும் திரியாமை ஒன்று. கூடித் திரிதல் மற்றொன்று. வேதியியலார் கலவையையும் சேர்மத்தையும் பிரித்தறிதற்கு இஃது ஓரளவு ஒப்பாகும். ஒப்புமை ஒப்புமையே, இலக்கணத்தில் வேதியியல் உண்டு என்பது எம் கருத்தன்று. ஆயினும், இவ்வேறுபாட்டை உணர்தற்குரிய மனப்பயிற்சி தமிழ் கற்றார்க்குப் புதிதன்று என்பது தெளிவு.

சித்த மருத்துவ மரபு இதனைச் செய்முறையிலேயே கண்டது. இரசமும் கந்தகமும் கூட்டி இலிங்கம் ஆக்கும் வைப்புமுறை அம்மரபினர் அறிந்ததே. வெள்ளிபோல் ஒளிரும் நீர்மமாகிய இரசமும், மஞ்சள் நிறத் திண்மமாகிய கந்தகமும் கூடிச் சிவந்த இலிங்கமாகின்றன. அதில் இரசத்தின் ஒழுகுந்தன்மையும் இல்லை. கந்தகத்தின் மஞ்சள் நிறமும் இல்லை. இன்றைய அளவையின்படி, எடையில் ஏறத்தாழ 25 பங்கு இரசத்திற்கு 4 பங்கு கந்தகம் என்பதே அதன் நிலைத்த விகிதம். பிரெஞ்சு நாட்டுப் புரூசுட்டு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறா விகித விதியை நிறுவினார். ஆங்கிலேயராகிய தால்டன் 1808இல் வெளியிட்ட நூலில் அதற்கு அணுக்கொள்கையால் காரணம் காட்டினார். சித்தர் மரபில் பொருள் இருந்தது. அதனைப் பொதுமைப்படுத்திய கொள்கையும், கொள்கைக்குரிய சொல்லும் பின்னர் வந்தன.

கலைச்சொல் வந்த வழி

மேனாட்டு வேதியியலைத் தமிழில் தந்தோருள் முன்னவராக எண்ணத்தக்கவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன். 1847இல் இலங்கை போந்த அவர், தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அவர்தம் முயற்சியால் 1875இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்' என்பது. பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் ஈறு தந்த அப்பெயரே அக்காலத்துச் சொல்லாக்க நிலையை ஒருவாறு காட்டும்.

1916இல் இராசாசி முதலியோர் சேலத்தில் கலைச்சொல் ஆக்கத்திற்கென ஒரு கழகம் கண்டனர். வேதியியலை எளிய நடையில் விளக்கும் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் இராசாசி எழுதினார். 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் அறிவியற் கட்டுரைகள் பலவற்றுக்கு இடமளித்தது.

இம்முயற்சிகளின் பயனாகத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சொற்கள் இருவேறு வழிச் சென்றன. தமிழ்நாட்டார் தனிமம் என்பதனை ஈழத்தார் மூலகம் என்பர். சேர்மம் என்பதனைச் சேர்வை என்பர். பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிசன், ஒட்சிசன் என ஒரே வளிக்குப் பல பெயர்கள் தோன்றின. ஆயின், கலவை என்னும் சொல்லும் கந்தகம் என்னும் சொல்லும் இருநாட்டிலும் மாறாது நின்றன. ஏட்டிற்கு வருமுன்னரே மக்கள் கையில் வழங்கிய சொற்களாதலின் அவை நிலைத்தன எனலாம்.

சிவகாசியின் மருந்து

சிவகாசியினராகிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சி செய்யக் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டளவில் அத்தொழிலைத் தம் ஊரில் தொடங்கினர். மழை குறைந்த அவ்வட்டாரத்தின் வறண்ட வெயில் உலர்த்தும் தொழிலுக்கு உதவிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1913இல், வெண்பாசுபரசால் தீக்குச்சி செய்தல் இந்தியாவில் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. வெண்பாசுபரசு நச்சுடையது, சற்றே சூடேறினும் காற்றில் தானே பற்றுவது. செம்பாசுபரசு அத்தகையதன்று, பெட்டியின் பக்கத்தே பூசப்பட்டு, குச்சி உரசும்போது மட்டும் தொழிற்படும். இரண்டும் ஒரே தனிமமே. பொருள் ஒன்றாயினும், அணுக்கள் அமைந்த முறை வேறுபடப் பண்பும் வேறுபடும் என்னும் பாடத்தைத் தீப்பெட்டியின் பக்கமே கற்பிக்கின்றது.

1940இல் வெடிபொருள் விதிகள் வந்தன. உலகப் போரால் இறக்குமதியும் தடைப்பட்டது. இச்சூழலிற் பட்டாசுத் தொழில் அங்கு வேரூன்றிற்று. அத்தொழிலாளர் வெடிபொருட் கலவையை மருந்து என்பர். மருந்து கலத்தல், சலித்தல், செலுத்துதல் என அவர்தம் வினைகள் பெயர் பெறும்.

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து எத்துணை நுண்ணிதாய் அரைபடினும் கலவையே. நீரிலிட்டால் வெடியுப்புக் கரையும். எஞ்சியதில் கந்தகம் கரிம இருசல்பைடிற் கரையும். கரி இரண்டிலும் கரையாது நிற்கும். இவ்வாறு மூன்றனையும் மீளப் பெறலாம். அது பற்றியெரிந்த பின்னரோ வளிகளும் புதிய உப்புகளுமே எஞ்சும். பழைய மூன்றும் அவ்வடிவில் மீளா. கலவையை வேதிமாற்றமாக்கும் பொறி எப்பொழுது விழும் என்பதே அத்தொழிலின் முதற்கேள்வி.

உப்பு என்னும் பொதுச்சொல்

ஈண்டுச் சொல்லின் குறைபாடு ஒன்று கருதத் தக்கது. பொட்டாசிய நைத்திரேட்டாகிய வெடியுப்பும், பச்சை ஒளி தரும் பேரிய நைத்திரேட்டும், பொட்டாசியக் குளோரேட்டும் உப்புகளே, மூன்றும் வெண்ணிறத்தன, கண்ணால் நோக்கின் வேறுபாடு புலப்படாது. பண்பிலோ பெரிதும் வேறுபடும். வெடியுப்புச் சிதைவதற்கு வெப்பத்தை ஏற்க வேண்டும். குளோரேட்டுச் சிதையும்போது தானே வெப்பத்தை விடும்; கந்தகத்தோடு கலந்துழிச் சிறு உராய்வாலும் பற்றும்; கந்தகத்திற் சிறிது அமிலம் கலந்திருப்பின் இடர் மிகும். இதனாலேயே கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிபொருளை 1992இல் நடுவணரசு தடை செய்தது. தீக்குச்சித் தலை முதலிய சிலவற்றுக்கே விலக்களித்தது. பேரிய உப்புகளைப் பட்டாசிற் பயன்படுத்துதலை உச்ச நீதிமன்றம் 2018இல் தடுத்து, 2021இல் அத்தடையை வலியுறுத்திற்று. முன்னது உராய்வு பற்றியது; பின்னது புகையின் நச்சுப் பற்றியது. இருவேறு தடைகளின் காரணத்தையும் உப்பு என்னும் ஒரு சொல் மறைத்துவிடும்.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்துகளுக்குச் சொல்லே காரணம் என்பார் பிழைபடுவர். ஆட்பெருக்கம், அளவுக்கு மிஞ்சிய மருந்து, விதிமீறல் எனக் காரணங்கள் பல உள. எனினும், தான் கலக்கும் பொருளின் பண்பைத் தன் மொழியில் அறிந்தவன் இடரை முன்னுணர வல்லான் என்பது மறுக்கவொண்ணாதது.

முடிவுரை

கலைச்சொல் வகுத்தோர் அரும்பணி ஆற்றினர். எனினும், ஏட்டுச் சொல்லும் தொழிற்கூடத்துச் சொல்லும் தனித்தனியே வளர்ந்தன. பாடநூல் சேர்மம் என்கின்றது. தொழிற்கூடம் மருந்து என்கின்றது. இரண்டனையும் இணைக்கும் பாலம் அரிதாகவே உள்ளது. சிவகாசி வட்டாரத்துத் தொழிற்சொற்களைக் களத்திலிருந்து திரட்டி, ஒவ்வொன்றற்கும் நேரான வேதிப் பெயரையும் பண்பையும் எழுதி அகராதி காணுதல் தமிழ்த்துறையும் வேதியியற்றுறையும் கூடிச் செய்தற்குரிய பணி. அவ்விரு துறைகளும் கலவைபோல் அருகருகே நின்றாற் போதாது. சேர்மம்போல் ஒன்றுதல் வேண்டும்.