பள்ளி மணி அடித்த பின்

யூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை, நன்கொடையாளர் பெயர்கள் ஆகியவை இடம் பெறுவது வழக்கம். அவை இம்மலரிலும் உள. ஆயினும் பள்ளி மணி அடித்த பின் நம் பிள்ளைகள் திடலில் கழிக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆசிரியர் ஏவாமல், மாணவர் தாமே கூடி, தாமே தலைவனைத் தேர்ந்து, தாமே நடத்தும் விளையாட்டைப் பற்றிச் சில பக்கங்கள் எழுத விரும்பினோம்.

விளையாட்டு நமக்குப் புதிதன்று. கெடிலக்கரை ஊர்களில் சடுகுடுவை எந்த வாத்தியாரும் கற்றுக் கொடுத்ததில்லை. பெரிய பையன் ஆடினான். சின்னவன் பார்த்துப் பழகினான். கோட்டைத் தொட்டானா, மூச்சு விட்டானா என்ற வழக்கு அங்கேயே எழுந்து அங்கேயே தீர்ந்தது. அந்த ஆட்டமே கபடி என்ற பெயரில் 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது காட்சியாக ஆடிக் காட்டப்பட்டு, 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. ஆனால் தலைவன், விதி, உறுப்பினர் என்ற ஒழுங்கோடு பள்ளிக்குள் அமைந்த கழகம் மேல்நாட்டிலிருந்து வந்தது.

இங்கிலாந்தில் ரக்பி என்றோர் ஊர். அவ்வூர்ப் பள்ளியின் கால்பந்து விதிகளை முதன்முதல் எழுத்தில் வடித்தவர்கள் ஆசிரியர்கள் என்றே பலரும் எண்ணுவர். அல்ல. 1845-ல் மூத்த மாணவர் மூவர் கூடி அவற்றை எழுதினர். மூவரில் ஒருவர் அப்பள்ளியின் புகழ் பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டின் மகன் வில்லியம். இந்த வில்லியம் பின்னாளில் இந்தியா வந்து, பஞ்சாபில் பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றினார். இலண்டனில் கால்பந்துச் சங்கம் தோன்றியது 1863-ல். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களை முந்திக் கொண்டார்கள்!

ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியின் தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ தெருவில் அலைந்த ஏழைச் சிறுவரைத் திரட்டினார். 1841-ல் தொடங்கிய அப்பணியில் செபமும் பாடமும் எவ்வளவோ, அவ்வளவு விளையாட்டும் இருந்தது. 1884 மே 10-ம் நாள் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு அவர் எழுதிய மடலை நாம் குருமடத்தில் படித்ததுண்டு. விளையாட்டு நேரத்தில் பெரியவர்கள் பிள்ளைகளோடு கலந்து நிற்பது குறைந்து போயிற்றே என்பது அதில் அவருடைய ஏக்கம். அவர் தேடியது கண்காணியை அன்று, தோழனை. அவருடைய சபையார் 1906-ல் தஞ்சைக்கு வந்தபோது இந்த மரபும் தமிழகத்துக்கு வந்தது.

சென்னையில் வேறொரு வழி திறந்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் அங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924-ல் பாரீசு ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களோடு சென்றவரும் இவரே. இவருடைய முயற்சியால் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் நாடெங்கும் பள்ளிகளுக்குச் சென்றார்கள். இது பெரும் நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று முதல் விளையாட்டும் கால அட்டவணையில் ஒரு பீரியடு ஆயிற்று. அட்டவணையில் ஏறியதை அட்டவணையே விழுங்கவும் கூடும். கணக்குப் பாடம் முடியவில்லையா, பி.டி. பீரியடை எடுத்துக் கொள்! 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியபின், மாலை நேரமும் சிறப்பு வகுப்புக்கும் டியூஷனுக்கும் போயிற்று. பெற்றோரை நாம் குறை கூறவில்லை. முந்திரிக் காட்டிலும் பலாத் தோப்பிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் மதிப்பெண்ணைத்தான் நம்புவார்கள்.

இனி நமக்கு அருகில் நடந்ததற்கு வருவோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். கடல் பொங்கிக் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு போயிற்று. தேவனாம்பட்டினம் முதலான கடற்கரை ஊர்கள் பட்ட துயரை நம் பங்கின் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு கடலூரில் இல்லம் அமைத்தது. அப்பேரழிவுக்குப் பிந்திய ஆண்டுகளில் கடலூர்த் திடல்களில் சிறுமியர் கால்பந்து ஆடினர். பயிற்சியாளர் மாரியப்பன் அவர்களின் உழைப்பால் வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக் கழகம், 2018-ல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளுள் ஒன்று. பெருநகரங்களின் சங்கங்களோடு நம் மாவட்டத் தலைநகரின் பெண்பிள்ளைகள் ஈடு கொடுத்து நின்றார்கள்.

கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரரானார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். இந்திய அணியில் ஆடிய சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர். நம் திருவதிகையிலிருந்து நடந்தே போய்விடும் தூரம்! 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என வென்று தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை முதன்முறையாகப் பெற்றது. 2023-ல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் பெற்றது.

அக்கழகம் முழுவதும் மாணவியர் நடத்தியது என்று சொல்ல மாட்டோம். ஒரு பெரியவர் முன்னின்றார். ஆனால் ஒரே பயிற்சியாளர் எத்தனை பிள்ளைகளைத் தனித்தனியே பார்க்க முடியும்? எந்தத் திடலிலும் பாதி வேலையை மூத்த பிள்ளைகளே செய்கிறார்கள். பந்துக்குக் காற்றடிப்பது, அணி பிரிப்பது, புதிதாய் வந்தவளை ஓரமாக நிறுத்தி உதைக்கக் கற்றுக் கொடுப்பது, தோற்றவர் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பத்தாம் வகுப்பு மாணவி ஏழாம் வகுப்புச் சிறுமிக்குச் சொல்வது, நாம் மேடையேறிச் சொல்வதைவிட விரைவில் பதிகிறது. அடுத்த ஆண்டு அச்சிறுமி தன்னிலும் சிறியவளுக்குச் சொல்வாள். பெரியவர் மாறுதலாகிப் போனாலும் ஆட்டம் நிற்பதில்லை. மாறுதலுக்கு உட்பட்ட குருக்களாகிய நமக்கு இது நன்றாகவே புரிகிறது.

பெண்பிள்ளைகள் காரியத்தில் நம் ஊர்களில் இன்னும் ஒரு தயக்கம் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண் திடலில் ஓடுவதா என்று கேட்போர் நம் பங்கிலும் உண்டு. வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் சுமந்து அதே பெண் தெருவில் நடக்கும்போது இக்கேள்வி எழுவதில்லை. சாதி கேட்டு அணி பிரிக்கும் பழக்கமும் எங்கோ தொலைவில் உள்ளதன்று. 1891-ல் காசுமீரத்தின் ஸ்ரீநகரில் பிஸ்கோ என்ற பாதிரியார் தம் பள்ளியில் கால்பந்தைக் கொண்டு வந்தபோது, தோலால் ஆனது என்று உயர்குல மாணவர்கள் அதைத் தொட மறுத்தனர். அவர் வற்புறுத்தி ஆட வைத்தார். பிற்பாடு அங்கே அவ்வாட்டம் வேரூன்றிற்று. நாம் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை.

ஆலயத்தின் பின்புறத் திடலை மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் திறந்து விடுவது பற்றிப் பங்குப்பேரவையில் பேச்சு நடந்து வருகிறது. சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் கருத்து வேற்றுமை. பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும் என்கிறார்கள் சிலர். பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் இருவரிடம், ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை கையில் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. வாரத்தில் மூன்று நாள் பெண்பிள்ளைகள் ஆடட்டும். எந்த நாள் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பந்தும் வலையும் வாங்கப் பணம் இருக்கிறது. விளக்குக் கம்பம் ஒன்று மட்டும் வேண்டும். மழைக்காலத்தில் ஐந்தரை மணிக்கே இருட்டி விடுகிறது.