குப்பிலாம்பும் கறுப்புத் திரையும்

வெள்ளைத் திரைதான் இயல்புன்னு யார் முடிவு செய்தது? பழைய கணினித் திரைகள் பெரும்பாலும் கறுப்பு; எழுத்து பச்சை. 1984இல் மேகின்டோஷ் திரையைக் காகிதமாக்கியது (ஜெராக்ஸ் முந்திக்கொண்டது வேறு கதை). காகிதம் பகலுக்கு உரியது. லயத்துப் படிப்போ இரவுக்கு உரியது. 10க்கு 12 அடி காம்பராவில் குப்பிலாம்பைத் தணித்துத்தான் படிக்கணும். விடிஞ்சா பெரட்டுக்குப் போகிற அம்மா தூங்க வேண்டாமா?

2019இல் அண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 13 இரண்டும் இருள்தோற்றம் தந்தன. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. ஓஎல்இடி திரையில் கறுப்பு பேட்டரியை மிச்சம்பிடிக்கும், எல்சிடியில் அப்படியில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் மலையகப் பத்திரிகைகளும் ஸ்கேன் வடிவில் இருக்கின்றன. தளத்தின் நிறத்தை மட்டும் மாற்றினால் ஸ்கேன் பக்கம் மாறாது. இருட்டுக் காம்பராவில் அது டோர்ச் மாதிரி அடிக்கும். ஆவணத் தளங்கள் ஃபோனின் அமைப்பைப் பின்பற்றட்டும். ஸ்கேன் பக்கத்துக்கும் தனியா ஒரு பொத்தான் வேணும்.