மின்னோட்டம் காட்டிக் கொடுத்த இரகசியம்

அடுத்த வீட்டில் என்ன சமையல் என்பதை அறிய அவ்வீட்டிற்குள் நாம் நுழைய வேண்டுவதில்லை. அம்மி அரைபடும் ஓசையும், தாளிக்கும் சத்தமும் சுவரைக் கடந்து வந்து செய்தி சொல்லிவிடுகின்றன. கதவைத் தாழிட்டாலும் ஓசைக்குத் தாழ் இல்லை. இந்த எளிய உண்மையே, சென்ற எண்பது ஆண்டுகளாக மறைமொழி வல்லுநர்களின் உறக்கத்தைக் கெடுத்துவரும் ஒரு பெருஞ்சிக்கலின் வேர் ஆகும். வெளி மாநிலங்களில் வாழ்ந்து, ஊரிலுள்ள பெற்றோருக்கு வங்கி அட்டையின் துணையால் பணம் அனுப்பும் நம்மவர்க்கும் இதில் பங்குண்டு. ஆகவே அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

கதை தொடங்குவது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவில். அந்நாட்டு இராணுவம் தன் தந்திச் செய்திகளை மறைமொழியாக்க 131-பி2 என்னும் பொறியைப் பயன்படுத்தி வந்தது. 1943ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் அப்பொறியைச் சோதித்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வாளர் வியப்பான ஒன்றைக் கண்டார். பொறி ஒவ்வொரு முறை இயங்கும்போதும், அக்கூடத்தின் தொலைவான ஒரு மூலையில் இருந்த அலைகாட்டும் கருவியில் ஒரு கூர்முனை எழுந்தது. அக்கூர்முனைகளை ஆராய்ந்தபோது, மறைக்கப்பட்ட செய்தியையே அவற்றிலிருந்து படித்துவிட முடிந்தது!

இராணுவத்தார் இதனை எளிதில் நம்பவில்லை. எனவே நியூயார்க் நகரின் வாரிக் தெருவில் ஒரு சோதனை நடைபெற்றது. இராணுவத்தின் மறைமொழி நிலையத்திற்கு எதிரே, ஏறத்தாழ 80 அடி தொலைவிலுள்ள கட்டடத்தில் பெல் பொறியாளர்கள் அமர்ந்து ஒரு மணி நேரம் அலைகளைப் பதிவு செய்தனர். மூன்று நான்கு மணி நேரத்தில், அனுப்பப்பட்ட செய்தியில் முக்கால் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டனர். ஐயம் தீர்ந்தது.

அவர்கள் பரிந்துரைத்த பரிகாரங்கள் மூன்று. பொறியை உலோக உறையால் மூடுதல்; மின்கம்பிகளில் வடிகட்டி அமைத்தல்; வேண்டுமென்றே இரைச்சலை எழுப்பி உண்மைக் குறியை அதில் மூழ்கடித்தல். ஆனால் உறையிட்ட பொறி வெப்பம் மிகுந்து, பழுது பார்க்கவும் இயலாத சுமையாயிற்று. போர்முனைத் தளபதிகளுக்கு, நிலையத்தைச் சுற்றி 100 அடி வட்டத்தைக் காவலில் வைத்துக்கொள்ளுமாறு சொல்வதோடு காரியம் முடிந்தது. போர் முடிந்ததும் இவ்விஷயமும் மறக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில் இதே குறையை அமெரிக்க உளவுத்துறை மீண்டும் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது. இவ்வரலாற்றைக் கூறும் ஆவணமோ 2007ஆம் ஆண்டில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

இதற்கிடையே உலகம் மாறிவிட்டது. 1974ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான ரோலாண் மொரேனோ சில்லு பதித்த அட்டைக்குக் காப்புரிமை கோரினார். அரசுகளின் கோட்டைக்குள் இருந்த மறைமொழி, சாதாரணக் குடிமகனின் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது. இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. அட்டையிலுள்ள சில்லுக்குத் தனி மின்கலம் இல்லை. படிக்கும் கருவியே அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. மின்சாரம் ஊட்டுபவன் அதனை அளந்தும் பார்க்கலாம் அல்லவா?

1998ஆம் ஆண்டில் பால் கோச்சர், ஜோஷுவா ஜாஃப், பெஞ்சமின் ஜுன் ஆகிய மூவர் அதையே செய்து காட்டினர். சில்லுக்குள் ஒரு கம்பியின் நிலை சுழியிலிருந்து ஒன்றாக மாறும்போது சிறிது மின்னோட்டம் ஈர்க்கப்படுகிறது. ஒரு முறை அளந்தால் இரைச்சலில் அது தெரியாது. ஆயிரக்கணக்கான முறை அளந்து சராசரி கண்டால் இரைச்சல் அடங்கி உண்மை தலைகாட்டும். அந்நாளில் வழக்கிலிருந்த டெஸ் என்னும் முறையின் திறவுகோலை ஒவ்வொன்றாக ஊகித்துத் திறப்பதாயின் ஏறத்தாழ 720 கோடி கோடி ஊகங்கள் வேண்டும். மின்னோட்டத்தை அளப்பவனோ திறவுகோலைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுக்கு 64 ஊகங்களே செய்து, சரியானதைக் கண்டுகொள்கிறான். பூட்டை உடைக்காமலே சாவியின் வடிவம் தெரிந்துவிடுகிறது.

காப்பதற்கு வழி யாது? முதல் வழி, மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வை மறைப்பது. ஒவ்வொரு கம்பிக்கும் எதிர்க்கம்பி ஒன்றை அமைத்து, எந்த நிலையிலும் ஒரே அளவு மின்சாரம் செலவாகுமாறு செய்யலாம். ஆனால் சில்லின் பரப்பு இரு மடங்குக்கு மேல் பெருகும், விலையும் ஏறும்.

இரண்டாம் வழி நுட்பமானது. இரகசிய எண் 7 என்று கொள்வோம். தற்செயலாக எடுத்த 35ஐ அதனுடன் கூட்டினால் 42. சில்லு 42ஐயும் 35ஐயும் தனித்தனியே கையாளும். 7 என்பது எவ்விடத்தும் வெளிப்படையாகத் தோன்றாது. அடுத்த முறை வேறொரு தற்செயல் எண். பங்குகள் மிகமிக, எதிரி எடுக்கவேண்டிய அளவுகள் மளமளவென்று பெருகும் என்பதை 1999ஆம் ஆண்டில் சாரி, ஜுட்லா, ராவ், ரோஹத்கி ஆகியோர் கணித வழியில் காட்டினர்.

எனினும் காகிதத்தில் நிறுவியது சில்லில் அப்படியே நிலைக்கவில்லை. மின்குறிகள் ஒரே கணத்தில் வந்து சேராமல் முன்பின்னாக வரும்போது, பிரிந்த பங்குகள் நொடிப்பொழுது கலந்து இரகசியம் கசிவதை 2005ஆம் ஆண்டு ஆய்வுகள் வெளிப்படுத்தின. எந்தச் சுற்றும் எல்லாப் பங்குகளையும் ஒருசேரக் காணாதவாறு வகுக்கும் முறை 2006ஆம் ஆண்டில் பிறந்தது. தாக்குவோரும் காப்போரும் ஒருவரையொருவர் வளர்த்தவாறே இருக்கின்றனர்.

இந்தியாவில் வங்கி அட்டைகள் காந்தப்பட்டையிலிருந்து சில்லுக்கு மாறுவதற்கு ரிசர்வ் வங்கி 2018 டிசம்பர் 31ஐ எல்லையாக வைத்தது. நம் கையிலுள்ள அட்டையில், வாரிக் தெருவில் கற்ற பாடம் ஏதோ ஒரு வடிவில் அடங்கியுள்ளது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1943இல் ஓர் அரசு அறிந்ததை, 1998இல் மற்றவர்கள் தாமே மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. குறையை மூடிவைத்ததால் குறை தீரவில்லை. அதனை அறியாத எளியோர் கையில் அந்தக் குறை ஊறிய அட்டைகள் போய்ச் சேர்ந்தன. குறையைப் பகிரங்கமாகச் சொன்ன பின்னரே பரிகாரமும் வளர்ந்தது. இரகசியத்தைக் காக்கும் கலையே திறந்த மன்றத்தில்தான் செழித்தது என்பது, இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தியாகும்.