முதல் உதாரணத்தின் தயவு

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் மாலை வேளைகளில் பைதான் நிரல்மொழி சொல்லித்தருகிறேன். நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் பாடம் வந்தால், அதற்கான கருவிகளோடு வந்த கையேடுகளின் கதையைத்தான் முதலில் எடுப்பேன். என் கட்சி இதுதான்: அந்தக் கருவிகள் உலகெங்கும் பரவியதில் பாதிப் புண்ணியம் கையேட்டின் முதல் உதாரணத்துக்குச் சேரும்.

1994-ல் நிரலாளர் கென்ட் பெக், ஸ்மால்டாக் மொழிக்கான சோதனை முறையைப் பத்திரிகைக் கட்டுரையாகத்தான் வெளியிட்டார். படித்தவர் கருவியைத் தாமே எழுதிக்கொள்ளலாம், அவ்வளவு சிறியது. 1997-ல் அவரும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறக்கையில், ஜாவா மொழிக்கான ஜேயூனிட் கருவியை விமானத்திலேயே எழுதத் தொடங்கினார்கள். மறு ஆண்டு 'ஜாவா ரிப்போர்ட்' இதழில் அதற்கு விளக்கக் கட்டுரை வந்தது. உதாரணம் பணக்கணக்கு: 12 சுவிஸ் பிராங்கோடு 14 பிராங்கைக் கூட்டினால் 26 வர வேண்டும். வராவிட்டால் நிரலில் கோளாறு. பிராங்கைக் கண்ணால் பார்க்காத என் மாணவர்களும் ரூபாயாக நினைத்துப் புரிந்துகொள்கிறார்கள்.

இப்படிச் சரிபார்க்கக்கூடிய கணக்கு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. எங்கள் அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர் காலத்து விளக்குக் கொடைக் கல்வெட்டுகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்குக் கணக்கே இருக்கிறது: விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, நாள்தோறும் உழக்கு நெய். கொடுத்தது இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு. பின்னால் வருகிற எவரும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். நல்ல உதாரணத்துக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

2001-ல் வந்த பைதான் 2.1 இரண்டு சோதனைக் கருவிகளைச் சேர்த்துக்கொண்டது. ஸ்டீவ் பர்செல் எழுதிய யூனிட்டெஸ்ட், ஜேயூனிட் வழி வந்தது. அதன் கையேட்டில் வெகுகாலம் நின்ற முதல் உதாரணம், பத்து எண்களைக் கலைத்து, மறுபடி அடுக்கி, எதுவும் தொலையவில்லையே என்று பார்ப்பது. சோதிக்கப்பட்டது பைதானோடு வரும் ரேண்டம் தொகுதி. "சார், இதுல நாம எழுதுனது எது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. பிற்பாடு அந்த உதாரணத்தை எடுத்துவிட்டு, ஒரு சின்னச் சொல்லைப் பெரிய எழுத்தாக்கினால் சரியாக வருகிறதா என்று பார்க்கும் உதாரணத்தை வைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் யாரும் தடுக்குவதில்லை.

அந்த இரண்டில் மற்றது டிம் பீட்டர்ஸின் டாக்டெஸ்ட். அது நிரலின் விளக்கத்துக்குள் இருக்கும் உதாரணங்களையே ஓட்டிப் பார்க்கும். நிரல் மாறி, விளக்கம் பழையபடியே கிடந்தால் சோதனை தோற்கும். பின்னர் வந்த பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியின் கையேடு இன்று வாசகரைப் பிரித்துப் பார்க்கிறது: புதிதாக வருபவருக்குப் பாடம், வேலை நடுவே சிக்கியவருக்குச் செய்முறை, விவரம் தேடுபவருக்குப் பட்டியல், ஏன் என்று கேட்பவருக்கு விளக்கம்.

கையேட்டைத் திருத்தும் வேலைக்கு அனுபவசாலிதான் வேண்டும் என்பதை நான் ஒப்புவதில்லை. பழகியவர் கண்ணுக்கு இடறும் இடம் தெரியாது. அதனால் என் மாணவர்களுக்குச் சொல்வது: முதல் உதாரணத்தை உள்ளது உள்ளபடி ஓட்டுங்கள், எங்கே நின்றுபோனீர்களோ, அங்கே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கருவியை எழுதியவரால் எழுத முடியாத வரி அது.