கப்பலேறிப் போன வெள்ளிகள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் ரிங்கிட்டையும் டாலரையும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். பத்து வெள்ளி, நூறு வெள்ளி என்ற பேச்சுக்குள், பணம் தாளாக இல்லாமல் நிஜமாகவே வெள்ளிக் காசாக இருந்த காலம் ஒளிந்திருக்கிறது. 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லும் அப்படித்தான். பல் பல்லாக வெட்டப்பட்ட விளிம்பு என்பது அதன் பொருள். அந்த விளிம்பு, இந்த வட்டாரத்துத் துறைமுகங்களில் கைமாறிய ஸ்பானிய வெள்ளி டாலருடையது.

அமெரிக்க டாலரும் அதே ஸ்பானியக் காசின் பிள்ளைதான். சுதந்திரம் பெற்ற பிறகும் அமெரிக்கர்கள் ஸ்பானிய டாலரில்தான் வியாபாரம் செய்தார்கள். சொந்தக் காசு இல்லாத நாட்டை யார் மதிப்பார்கள்? 1792 ஏப்ரல் 2ஆம் நாள் நாணயச் சட்டம் நிறைவேறியது. புழக்கத்தில் தேய்ந்த ஸ்பானியக் காசுகளின் எடையை ஒட்டி, ஒரு டாலரில் 371.25 கிரெயின் தூய வெள்ளி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். செம்பும் சேர்ந்தால் 416 கிரெயின், சுமார் 27 கிராம்.

சட்டம் வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் டாலர் வரவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். பிலடெல்பியா நாணயச் சாலையில் காசு அடிக்கும் தலைமை அதிகாரியும் மாற்றுப் பார்ப்பவரும் தலைக்குப் பத்தாயிரம் டாலர் ஜாமீன் கட்டினால்தான் பொன்னையும் வெள்ளியையும் தொடலாம். அவர்களுடைய ஆண்டுச் சம்பளமோ 1,500 டாலர். எங்கே போவார்கள்? 1794இல் நாடாளுமன்றம் ஜாமீனைக் குறைத்த பிறகுதான் வேலை தொடங்கியது.

அந்த ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் 1,758 டாலர்கள் வெளிவந்தன. நாணயச் சாலையின் முதல் இயக்குநர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் இதற்காகத் தம் சொந்த வெள்ளியையே கொடுத்திருந்தார். ஆனால், அவ்வளவு பெரிய காசை அழுத்த அங்கிருந்த எந்திரத்துக்கு வலு போதவில்லை. அதனால்தான் 1794ஆம் ஆண்டுக் காசுகள் பலவற்றில் ஒரு பக்கத்து நட்சத்திரங்கள் மங்கிக் கிடக்கின்றன. பெரிய எந்திரம் 1795இல் வந்தது.

எடையில் அவர்கள் காட்டிய கண்டிப்பு தட்டான் பட்டறையை நினைவூட்டும். வில்லை கனமாக இருந்தால் அரத்தால் ராவினார்கள். எடை குறைந்தால் நடுவில் துளையிட்டு வெள்ளி ஆணி வைத்து அடித்தார்கள். விவரம் தெரியாதவர் அந்த அரக்கீறலைப் பார்த்துக் காசு கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுவார். 2013 ஜனவரியில் ஏலம் போன 1794ஆம் ஆண்டு டாலர் ஒன்றில் கீறலும் உண்டு, ஆணியும் உண்டு. அதற்குக் கிடைத்த விலை 10,016,875 அமெரிக்க டாலர்!

இவ்வளவு பாடுபட்டு அடித்த காசு உள்நாட்டில் தங்கவில்லை. அது ஸ்பானியக் காசைவிடச் சற்று எடை குறைவு. மேற்கிந்தியத் தீவுகளிலோ இரண்டையும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டார்கள். வியாபாரிகள் புது டாலரைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கனமான ஸ்பானியக் காசை வாங்கி வந்தார்கள். அதை நாணயச் சாலையில் போட்டு மறுபடி டாலராக்கினார்கள். அடிப்பதற்குக் கூலியும் கிடையாது. அரசாங்கச் செலவில் யாரோ லாபம் பார்த்த கதை இது. 1804இல் டாலர் அடிப்பது நின்றது. 1806இல் அதிபர் ஜெபர்சனின் அரசு அதைத் தடை உத்தரவாகவே ஆக்கியது. 1836 வரை புழக்கத்துக்கு டாலர் அடிக்கப்படவில்லை.

அப்படியானால் உலகப் புகழ்பெற்ற '1804 டாலர்' எங்கிருந்து வந்தது? 1804இல் அடித்த 19,570 காசுகளிலும் 1803 அல்லது அதற்கு முந்தைய ஆண்டே பொறித்திருந்தது. 1834இல் அதிபர் ஜாக்சனின் அரசு மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் அன்பளிப்பாக நாணயப் பேழைகள் அனுப்ப விரும்பியது. டாலர் கடைசியாக எப்போது அடிக்கப்பட்டது என்று கணக்கேட்டைப் புரட்டினார்கள். 1804 என்றிருந்தது. அந்த ஆண்டையே அச்சில் வெட்டிவிட்டார்கள்.

பேழைகளைச் சுமந்து வந்த தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் 1836இல் பேங்காக்கில் சயாம் மன்னர் மூன்றாம் ராமாவின் அரசவைக்கு ஒன்றைச் சேர்ப்பித்தார். அதே ஆண்டு மக்காவ்வில் அவர் இறந்துபோனார். கொச்சின்சீனாவுக்கும் ஜப்பானுக்கும் உரியவை போய்ச் சேரவில்லை. சயாம் பேழையின் காசுகள் 1962இல் லண்டன் வணிகர் ஒருவர் மூலம் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. 2005இல் அவை 85 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறின. ஆசை யாரை விட்டது? பிற்காலத்தில் நாணயச் சாலைக்காரர்களே சேகரிப்பாளர்களுக்காக மேலும் சில '1804' டாலர்களைத் திருட்டுத்தனமாக அடித்தார்கள்.

சாதாரணச் சேகரிப்பாளருக்கு எட்டக்கூடியவை 1798 முதல் 1800 வரையிலான தேய்ந்த காசுகள். அவையும் மலிவல்ல, போலிகளும் ஏராளம். தராசில் 27 கிராமை ஒட்டி நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். பிறகு விளிம்பைத் திருப்ப வேண்டும். நூறு சென்ட், ஒரு டாலர் என்ற மதிப்பு அந்தக் காலத்தில் விளிம்பில்தான் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டது. முகத்தில் தேடினால் கிடைக்காது. விளிம்பு மொட்டையாக இருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பதக்கமாகக் கோத்துப் போட்ட துளையைப் பிற்காலத்தில் அடைத்து விற்பவர்களும் உண்டு. அதை நாணயச் சாலையின் வெள்ளி ஆணி என்று நம்பிவிடக் கூடாது.