இரப்பரும் இரு பேரரசுகளும்

பேராவின் கோலாகங்சாரில் 1877இல் நடப்பெற்ற இரப்பர்க் கன்றுகளின் வழிவந்த தொழில், அரை நூற்றாண்டிற்குள் ஈப்போவைச் சூழ்ந்த தோட்டங்களை உலகச் சந்தையோடு பிணைத்துவிட்டது. தமிழர் சீவிய மரத்தின் பாலுக்கு விலை கூறியவையோ இலண்டனும் நியூயார்க்கும்.

முதல் உலகப் போருக்குப் பின் அவ்விலை வீழ்ந்தது. குடியேற்ற நாட்டமைச்சர் சர்ச்சில் அமைத்த குழுவின் பரிந்துரைப்படி, 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. ஸ்டீவன்சன் திட்டம் என்பது அதுவே. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேரவில்லை. சுமத்திராவிலும் போர்னியோவிலும் சிதறிக் கிடந்த சிறுதோட்டக் குடியானவரைக் கட்டுப்படுத்துவது டச்சு அரசுக்கு எளிதன்று. மரம் ஒன்றே, ஆட்சி இரண்டு.

1925இல் நியூயார்க்கில் விலை இராத்தலுக்கு ஒரு டாலரைக் கடந்தது. உலக இரப்பரில் பெரும்பகுதியை வாங்கிய அமெரிக்கர் சினந்தனர். ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926இல் லைபீரியாவில் நிலம் பெற்றது. அடுத்த ஆண்டு ஃபோர்டு பிரேசிலில் பெற்றது. சுமத்திராக் குடியானவரோ, அண்டைக் கடை அடைத்த நாளில் கடை விரித்தவர்போல் நடவைப் பெருக்கினர். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

பின்வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கூலி குறைந்தது. பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வாணிக வரலாறுகள் இதனை ஒரே வரியில் கடந்துவிடுவது முறையன்று. விலை வீழ்ச்சியின் சுமையை முதலில் தாங்கியவர் அவர்களே.

1934இல் டச்சு, பிரெஞ்சு, சயாம் அரசுகளும் இணைந்த அனைத்துலக உடன்பாடு பிறந்தது. அதன் குழுவில் அரசுகளின் பேராளர் அமர்ந்தனர். இரப்பர் வாங்கும் ஆலையாளர்க்கு ஆலோசனை கூறும் இடம் கிடைத்தது. பால்மரம் சீவியோர்க்கு அங்கு இடமில்லை.